இணைத்துள்ளேன், இணைப்பில் காண்க, பி.எஃப்.ஏ.: எதை எங்கே எழுதுவது?

திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகத்தில் ஆவண வேலை பார்ப்பவர் கோப்பு இல்லாத மெயில் எழுதுவது குறைவு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி அறிவிப்பு) வரைவு, லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயம் போட்ட துணி மாதிரி) படம், அளவு அட்டவணை என்று ஏதாவது ஒன்று கூடவே போகும். அதனால் 'இதோடு கோப்பை வைத்திருக்கிறேன்' என்ற ஒரே செய்தியை நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கிறோம். அதை எந்த வார்த்தையில் எழுதினால் என்ன என்று நானும் பல வருடம் இருந்தேன். ஒரு சரக்கு கப்பலைத் தவறவிட்ட பிறகுதான் இந்த வரியை உட்கார்ந்து யோசித்தேன்.

அன்று ஐரோப்பிய பையர் ஒருவருக்கு டி-ஷர்ட் போகிறது. மதியம் 212 பெட்டி என்று பேக்கிங் லிஸ்ட் அனுப்பிவிட்டேன். நாலு மணிக்கு பேக்கிங் செக்‌ஷனிலிருந்து கூப்பிட்டு, ஒரு சைஸில் பாக்கி இருந்த பீஸ் வந்துவிட்டது, இன்னும் 6 பெட்டி சேரும் என்றார்கள். 218 என்று திருத்தி, அதே மெயில் தொடரில், எங்களுக்காகச் சுங்க வேலையைப் பார்க்கும் தூத்துக்குடி சி.ஹெச்.ஏ.வுக்கு (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட்) அனுப்பினேன். (விதிகளில் கஸ்டம்ஸ் புரோக்கர் என்று பெயர் மாறிவிட்டது, நாங்கள் இன்னும் சி.ஹெச்.ஏ. என்றுதான் சொல்கிறோம்.) நான் எழுதியது ஒரே வரி: 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட் த ஃபைனல் டாக்குமென்ட்ஸ்'. மதியம் எழுதியதும் அதே வரி. இரண்டு கோப்பின் பெயரிலும் 'ஃபைனல்' இருந்தது. அவர்கள் மதியக் கோப்பை எடுத்து ஷிப்பிங் பில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் போன்: "அண்ணே, பில்லுல 212 இருக்கு, வண்டியில 218 இருக்கே, எது சரி?"

சுங்கச் சட்டம் 1962-இன் 149ஆம் பிரிவில் ஆவணத்தைத் திருத்த வழி இருக்கிறது. எழுதிக் கேட்டோம், திருத்தமும் கிடைத்தது. ஆனால் அதற்குள் அந்தக் கப்பலுக்கான கட்-ஆஃப் (சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரம்) முடிந்துவிட்டது. அவர்கள் பக்கம் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மெயிலுக்கும் வித்தியாசம் தெரிய என் வரியில் ஒரு சொல்கூட இல்லை.

அன்றிலிருந்து இந்த வரியை ஒரே கேள்வியால் அளக்கிறேன். கோப்பைத் திறக்காமல், வரியை மட்டும் படித்தவருக்கு என்ன வந்திருக்கிறது, எத்தனை, எந்தத் திருத்தம், அதை வைத்து அவர் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறதா? மரியாதையாக இருக்கிறதா, இலக்கணம் சரியா என்பதெல்லாம் அப்புறம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது

'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்' என்பதை இன்றைய ஆபீஸ் பழக்கம் என்று நினைக்கிறோம். மெயில் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 19ஆம் நூற்றாண்டு வணிகக் கடிதங்களில் 'என்க்ளோஸ்ட் ப்ளீஸ் ஃபைண்ட்' என்று இருந்ததன் தொடர்ச்சி அது. எழுத்துநடை சொல்லித் தருபவர்கள் இதை நெடுநாளாகக் குறை சொல்லி வருகிறார்கள். உறைக்குள் கண்ணெதிரே இருப்பதைப் போய் 'கண்டுபிடியுங்கள்' என்று ஏன் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அந்தக் குறை பெரிதாகப் படவில்லை. வெளிநாட்டு பையர் யாரும் இதைப் படித்துக் குழம்பியதாக நான் பார்த்ததில்லை. கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

என் புகார் வேறு. இந்த மூன்று வார்த்தையை அடித்தவுடனேயே வரி முடிந்துவிட்ட மாதிரி கைக்குத் தோன்றிவிடுகிறது. அப்புறம் வரும் பெயர்ச்சொல்லை யோசிக்காமல் 'த டாக்குமென்ட்ஸ்', 'த ஃபைல்', 'த சேம்' என்று போட்டுவிடுகிறோம். நான் அன்று செய்ததும் அதுதான். சடங்கு வாக்கியத்துக்கு உள்ள ஆபத்தே இது: எழுதுகிறவர் யோசிக்காமல் எழுதுகிறார், படிக்கிறவர் படிக்காமல் தாண்டுகிறார்.

'ஐ ஹேவ் அட்டாச்ட்' என்று தொடங்கினால் அப்படி நழுவ முடிவதில்லை. இணைத்துவிட்டேன் என்று சொன்ன மறு நொடியே எதை என்று சொல்லியாக வேண்டும். 'ஐ ஹேவ் அட்டாச்ட் த ரிவைஸ்டு பேக்கிங் லிஸ்ட் ஃபார் இன்வாய்ஸ் 147, 218 கார்ட்டன்ஸ்' என்று கை தானாகவே முழுதாக எழுதுகிறது. இணைத்தவர் யார் என்பதும் அதிலேயே இருக்கிறது. பையருக்கும் அவர்களுடைய மெர்ச்சண்டைசருக்கும் நான் இப்போது இதைத்தான் எழுதுகிறேன். இது மரியாதைக் குறைவு என்று எங்கள் பக்கம் பலர் தயங்குகிறார்கள். ஆங்கிலத்தில் இது நேரான பேச்சு, மரியாதைக்கு எந்தப் பங்கமும் இல்லை. 'ப்ளீஸ்' வேண்டும் என்று தோன்றினால் அதை அடுத்த வரிக்குக் கொண்டுபோங்கள்: 'ப்ளீஸ் கன்ஃபர்ம் த கார்ட்டன் கவுன்ட் பை 5 பி.எம்.' உதவி கேட்கிற இடம் அதுதானே.

'அட்டாச்ட் ஈஸ்' என்று தொடங்குவதும் நல்ல வழிதான், கொஞ்சம் முறையான தொனி. ஆனால் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் சேர்ந்து போகும்போது 'அட்டாச்ட் ஆர்' என்று வர வேண்டும். அவசரத்தில் 'ஈஸ்' விழுந்துவிடும். 'சீ அட்டாச்ட்' என்று மட்டும் எழுதுவது பக்கத்து மேஜைக்காரருக்குச் சரி, வெளியே அனுப்பினால் வெடுக்கென்று இருக்கும். 'ஹியர்வித்' போட்டால் ஒரு தகவலும் கூடுவதில்லை. எடுத்துவிடலாம்.

'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்' என்பதன் சுருக்கமான பி.எஃப்.ஏ. பற்றி வேறுவேறு கருத்து உண்டு. நம் ஊர் அலுவலகங்களில், முக்கியமாக ஐ.டி. கம்பெனிகளில், அது அன்றாடச் சொல். உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்த மூன்றெழுத்து எல்லா நாட்டிலும் புழங்குவதில்லை. பையர் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு அது ஏதோ ஆவணத்தின் பெயர் போலத் தெரியலாம். தட்டச்சில் மிச்சமாவது சில நொடி. 'பி.எஃப்.ஏ. த அட்டாச்ட் ஃபைல்' என்று எழுதுபவர்கள் அதையும் மிச்சம் பிடிப்பதில்லை. 'அட்டாச்ட்' அந்த மூன்றெழுத்துக்குள்ளேயே இருக்கிறது.

'என்க்ளோஸ்ட்' என்ற சொல்லை மெயிலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வங்கிக் கவர் நினைவுக்கு வரும். எல்.சி. (ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) மூலம் பணம் வரும் ஷிப்மென்டுக்கு ஒரே ஆவணக் கட்டு இரண்டு வழியில் பயணிக்கும். ஸ்கேன் பிரதி மெயிலில் பையருக்கு. அசல்கள் வங்கிக்கு, அங்கிருந்து கூரியரில் வெளிநாட்டு வங்கிக்கு. முதலாவது 'அட்டாச்ட்', இரண்டாவதுதான் 'என்க்ளோஸ்ட்': அது நிஜமாகவே ஓர் உறைக்குள் இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டால் இங்கே வெறும் சொல் பிழையோடு போகாது. மெயிலில் 'என்க்ளோஸ்ட் ஒரிஜினல் டாக்குமென்ட்ஸ்' என்று படிக்கும் பையர், அசல் எங்கே, கூரியர் எண் என்ன என்று கேட்பார். கேட்க வேண்டியதுதான்.

அந்தக் கவருக்கு மேலே வைக்கும் கடிதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு ஆவணத்தின் பெயர், பக்கத்தில் அசல் எத்தனை, நகல் எத்தனை என்று கட்டம் போட்டிருக்கும். காரணம் இருக்கிறது. 2007 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 என்ற சர்வதேச எல்.சி. விதிகளின்படி ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வங்கி வேலை நாள்தான். கட்டில் ஒரு தாள் குறைந்தால் அது எங்கே குறைந்தது என்று பிறகு வாதாட நேரம் கிடையாது. எண்ணிக்கை முகப்பிலேயே இருக்க வேண்டும். பழைய வணிகக் கடிதத்திலிருந்து 'என்க்ளோஸ்ட்', 'ஹியர்வித்' போன்ற சொற்களை மெயிலுக்கு எடுத்துவந்துவிட்டோம். எடுத்துவர வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான் என்பது என் கருத்து.

தமிழில் எழுதும்போது

தமிழில் உள்ள சிக்கல் 'இணைப்பு' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. மெயிலோடு வரும் கோப்பும் இணைப்பு, இணையத்தில் அழுத்தித் திறக்கும் முகவரியும் இணைப்பு, மின்சாரம் வருவதும் இணைப்பு, ஞாயிற்றுக்கிழமை நாளிதழோடு வரும் புத்தகமும் இணைப்பு. 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதினால் படிப்பவர் கோப்பைத் தேடுவதா, நீல நிற எழுத்தைத் தேடுவதா? இரண்டும் இருக்கிற மெயிலில் இது நிஜமான குழப்பம். அதனால் கோப்புக்கு 'இணைப்பு' என்றும் முகவரிக்கு 'சுட்டி' என்றும் பிரித்து வைத்துக்கொண்டேன். 'லிங்க்' என்றே எழுதினாலும் சரி, அதுவும் எல்லோருக்கும் புரியும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடாமல் இருந்தால் போதும்.

அடுத்து வினைச்சொல். 'இணைத்துள்ளேன்' என்பது 'ஐ ஹேவ் அட்டாச்ட்' போலவே நேரானது, கூடவே செயப்படுபொருளையும் கேட்கும்: எதை இணைத்துள்ளேன்? தனியார் நிறுவனங்கள், ஆடிட்டர், பள்ளி, வங்கிக் கிளை என்று எங்கே எழுதினாலும் இதுவே பொருந்தும். 'இணைத்திருக்கிறேன்' கொஞ்சம் நெருக்கமானது, பழகியவருக்கு அதுவும் அழகுதான். 'இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதும்போது இரண்டு விஷயம் போய்விடுகிறது. ஒன்று, அனுப்பியவர் மறைந்துவிடுகிறார். ஆவணம் தானாக வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இரண்டாவது, பன்மை தவறுகிறது. 'மூன்று ஆவணங்கள் இணைக்கப்பட்டுள்ளது' என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறேன். 'இணைக்கப்பட்டுள்ளன' என்றிருக்க வேண்டும். செய்வினையில் எழுதினால் இந்தத் தொல்லையே கிடையாது. ஒன்றானாலும் மூன்றானாலும் 'இணைத்துள்ளேன்'.

மொழிபெயர்ப்புக் கருவியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டும் 'தயவுசெய்து இணைக்கப்பட்டதைக் கண்டறியவும்' என்ற வரியை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள். தமிழில் 'கண்டறிவது' நோயையும் தவறையும்தான். ஆங்கிலத்தில் தேய்ந்து வழக்கமாகிப்போன சொல், தமிழுக்கு வரும்போது முழுப் பொருளோடு வந்து நிற்கிறது.

அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது மட்டும் என் விருப்பத்தை ஒதுக்கிவைத்துவிடுகிறேன். மாவட்டத் தொழில் மையத்துக்கோ மாநகராட்சிக்கோ போகும் கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று ஓர் ஒழுங்கு உண்டு. உள்ளே 'இத்துடன் இணைத்து அனுப்பப்படுகிறது' என்று வரும், கீழே இடப்பக்கம் 'இணைப்பு:' என்று தனியாக ஒரு பட்டியல் வரும். 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு அலுவலகத் தமிழ் படிப்படியாகத் தனக்கென்று ஏற்படுத்திக்கொண்ட வடிவம் இது. இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே மெயிலை அச்செடுத்துக் கோப்பில் சேர்ப்பது இன்னும் வழக்கம். அச்செடுத்த தாளில் இணைப்பைக் காட்டும் சின்னம் எதுவும் நமக்கு உதவாது, 'இணைப்பு: 1. ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று நகல், 2 பக்கம். 2. மின் கட்டண ரசீது, 1 பக்கம்' என்று நாம் எழுதிய வரிதான் சாட்சி. பின்னால் ஒருநாள் 'ரசீது வரவில்லை' என்று யாராவது சொன்னால் அந்த வரியைக் காட்டலாம்.

அங்கேயும் ஒரு குறுக்குவழியைத் தவிர்க்கச் சொல்வேன். 'இணைப்பு: மேற்கண்டவாறு' என்று முடித்துவிடுவார்கள். கடிதத்தின் உடலில் எதையெதைச் சொன்னோம் என்று படிப்பவர் மேலே போய் எண்ண வேண்டும். இரண்டு வரி கூடினாலும் பெயரும் பக்கமும் எழுதிவிடுவது நல்லது. உடலில் குறிப்பிடும்போதும் 'இணைப்பு 2-இல் உள்ள ரசீதின்படி' என்று எண்ணைச் சொன்னால் பிரிவு எழுத்தருக்குப் பெரிய உதவி.

'கீழே', 'மேலே' என்று எழுதலாமா?

'கீழே இணைத்துள்ளேன்' என்று கை தானாக எழுதிவிடும். ஜிமெயிலில் கோப்பு மெயிலின் அடியில் தெரியும், அதனால் எழுதுகிறவருக்கு அது உண்மை. அவுட்லுக்கில் படிப்பவருக்குக் கோப்பு உடலுக்கு மேலே, தலைப்பை ஒட்டி இருக்கும். அவர் கீழே தேடிக்கொண்டிருப்பார்.

இதற்குக் காரணம் மெயிலின் அமைப்பு. 1992 மார்ச் 11 அன்று நதானியேல் போரென்ஸ்டைன், தன் பாட்டுக் குழுவின் படத்தையும் அவர்கள் பாடிய ஒலிப்பதிவையும் சேர்த்து ஒரு மெயில் அனுப்பினார். அவரும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து உருவாக்கிய 'மைம்' முறையில் போன முதல் இணைப்பு அது. அந்த முறையில் எழுத்து ஒரு பகுதி, படம் ஒரு பகுதி, ஒலி ஒரு பகுதி. எல்லாம் ஒரே செய்திக்குள் வரிசையாகப் போகும். எதை எங்கே காட்டுவது என்பதைப் பெறுபவரின் மென்பொருள் முடிவு செய்யும். ஆகவே இடத்தைச் சொல்லாமல் பெயரைச் சொல்லுங்கள். கோப்பின் பெயரும் வரியில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

அதே அமைப்பால் இன்னொரு விளைவும் உண்டு. கோப்பை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள், அதில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஜிமெயிலில் 25 எம்.பி.தான் எல்லை, தாண்டினால் டிரைவ் சுட்டியாக மாறிவிடும். பிரின்ட் ஆர்ட்வொர்க், டெக் பேக் (ஆடையின் முழு விவரக் கோப்பு) எல்லாம் எங்களுக்குப் பெரும்பாலும் சுட்டியாகத்தான் வருகின்றன.

கோப்பா, சுட்டியா என்று நம் கையில் தேர்வு இருக்கும்போது நான் பார்ப்பது ஒன்றே: அந்த ஆவணம் இனி மாறலாமா? இணைத்த கோப்பு அனுப்பிய நொடியில் உறைந்துவிடும். சுட்டிக்குப் பின்னால் இருப்பதை யாரும் சொல்லாமல் மாற்றலாம். கையொப்பமிட்டது, கணக்கு வைத்தது, சுங்கத்துக்குப் போவது எல்லாம் கோப்பாகவே போக வேண்டும். இன்னும் திருத்தம் நடக்கும் அளவு அட்டவணை சுட்டியாக இருக்கலாம். அப்போது வரி இப்படி இருக்கட்டும்: 'அளவு அட்டவணைக்கான சுட்டி இது, மார்ச் 14 மாலை வரை செய்த திருத்தங்கள் இதில் உள்ளன.' அனுமதி கொடுத்துவிட்டோமா என்று வேறொரு கணக்கில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். அனுமதி கேட்டு ஒரு மெயில், கொடுத்தோம் என்று ஒரு மெயில் என்று போனால் அரைநாள் கரைந்துவிடும்.

பதில் அனுப்பும்போது

'முன்பு இணைத்ததைப் பார்க்கவும்' என்ற வரி பழைய ஆளுக்குச் சரி. தொடரில் புதிதாக ஒருவரைச் சேர்த்து 'ரிப்ளை' போட்டால் பொதுவாக எழுத்து மட்டும்தான் அவருக்குப் போகும், பழைய கோப்பு போகாது. 'ஃபார்வேர்ட்' செய்தால்தான் கோப்பும் கூடப் போகும். எனவே புதிய ஆள் இருந்தால் கோப்பை மறுபடி வைத்து, 'மார்ச் 12 அன்று அனுப்பிய இன்வாய்ஸை, மாற்றம் எதுவும் இல்லாமல், மீண்டும் இணைத்துள்ளேன்' என்று எழுதுவது நல்லது. 'மாற்றம் எதுவும் இல்லாமல்' என்ற மூன்று சொல் முக்கியம். இல்லையென்றால் பழையவர்கள் இதைப் புதிய திருத்தம் என்று நினைத்து இரண்டையும் வரிவரியாக ஒப்பிட உட்கார்ந்துவிடுவார்கள்.

கோப்பை வைக்க மறந்துவிட்டால்? 'அட்டாச்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வெறுமனே அனுப்பப் போனால் ஜிமெயில் நிறுத்திக் கேட்கும். அவுட்லுக்கிலும் அப்படி ஒரு நினைவூட்டல் உண்டு. ஆனால் தவறான கோப்பை வைத்தால் எதுவும் கேட்காது. கோப்பை முதலில் வை, அப்புறம் எழுது, பெறுநர் முகவரியைக் கடைசியில் போடு என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மறந்து அனுப்பிவிட்டால் பத்தி பத்தியாக மன்னிப்பு வேண்டாம். 'முந்தைய மெயிலில் கோப்பு விடுபட்டுவிட்டது. இதில் இணைத்துள்ளேன்' என்று ஒரு வரி எழுதி, பழைய செய்தி முழுவதையும் கீழே மறுபடி வையுங்கள். படிப்பவர் இந்த ஒரு மெயிலை வைத்துக்கொண்டாலே போதும்படி இருக்க வேண்டும்.

தூத்துக்குடியில் நம் மெயிலைப் படிப்பவர் துறைமுகத்தில் நின்றுகொண்டு போனில் படிக்கிறார். வெயிலில் திரையில் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும். அவருக்கு இப்போது தமிழிலேயே எழுதுகிறேன், முதல் வரியிலேயே எல்லாம் வரும்படி. கடைசியாக ஒரு திருத்தம் வந்தபோது அனுப்பியது இது:

'இன்வாய்ஸ் 163-க்கான திருத்திய பேக்கிங் லிஸ்டை இணைத்துள்ளேன்: 1 கோப்பு, 340 பெட்டி, மாலை 4:30-க்குத் திருத்தியது. காலையில் அனுப்பிய 334 பெட்டிப் பட்டியல் வேண்டாம், நீக்கிவிடுங்கள். பில் போடும் முன் பெட்டி எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்புங்கள்.'

பத்து நிமிடத்தில் பதில் வந்தது: '340, சரிண்ணே. பழசை அழிச்சாச்சு.'